கீபோட் வேலை செய்யவில்லையா? கடைக்குக் கொண்டுபோக முதல் இதைப் பாருங்கள்

கடலோர ஊரில் கீபோட்டுக்கு ஆயுள் கொஞ்சம் குறைவுதான். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது, லப்டொப்புக்குள் இருக்கும் மயிரளவு செப்புக் கோடுகள் மட்டும் தப்புமா? அதற்காக, எழுத்து விழவில்லை என்றவுடன் கீபோட் செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் காசைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். என் லப்டொப்பில் சில எழுத்துகள் நின்றுபோனபோது ஒரு கடையில் மதர்போட் (லப்டொப்பின் பிரதான மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்றார்கள், இன்னொரு கடையில் கீபோட்டை மாற்றத்தான் வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், அட்வான்ஸ் வையுங்கள் என்றார்கள். இரண்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். செலவில்லாதது முதலில், காசு போகும் வேலை கடைசியில். போன் பிரச்சினை மட்டும் என்றால் நேராக 7ஆவது படிக்குப் போகலாம்.

1. ஈரம் பட்டதா? அப்படியென்றால் மற்றதெல்லாம் பிறகு

தேத்தண்ணி ஊற்றுப்பட்டது, பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் தட்டியது, மாரியில் யன்னலால் தூவானம் அடித்தது, இதில் எது நடந்திருந்தாலும் கீழே உள்ள சோதனை எதையும் இப்போது செய்ய வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள். பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். லப்டொப்பைத் திறந்தபடி, கூடாரம் போலக் கவிழ்த்து வைத்து ஃபானைப் போடுங்கள். குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள். நடுவில் "இப்ப வேலை செய்யுதோ" என்று போட்டுப் பார்க்கிற ஆசைதான் எமன், ஏனென்றால் தண்ணீரைவிட, தண்ணீர் இருக்கும்போது ஓடும் மின்சாரம்தான் மதர்போட்டைத் தின்கிறது. ஹெயார் டிரையர் பிடிக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள், அரிசித் தூள் உள்ளே போனதுதான் மிச்சமாக இருக்கும்.

சீனி போட்ட தேத்தண்ணி என்றாலோ கடல்நீர் என்றாலோ காய வைப்பது மட்டும் போதாது. காய்ந்த பிறகும் சீனியும் உப்பும் உள்ளேயே இருக்கும். அன்றைக்கே ஒருவரிடம் கொடுத்துத் திறந்து துடைப்பிப்பதுதான் மலிவு.

இன்னொன்று. கீபோட்டின் நடுப்பகுதி கொஞ்சம் மேலே எழும்பினமாதிரித் தெரிகிறதா, டச்பேட் அழுத்த முடியாமல் இறுகியிருக்கிறதா? அது பற்றரி ஊதியிருப்பதால் வரலாம். அப்படியானால் சார்ஜில் போடவே வேண்டாம், அழுத்தி மூடவும் வேண்டாம், நேராகக் கடைக்கு.

2. எந்த எழுத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்

நோட்பேட்டைத் திறந்து ஒவ்வொரு விசையாக, மேல் வரிசையிலிருந்து கீழே அழுத்திக்கொண்டு போங்கள். விழாதவை, இரண்டு தரம் விழுபவை, வேறு எழுத்து விழுபவை என்று ஒரு தாளில் பிரித்துக் குறியுங்கள். இந்தத் தாள்தான் பிறகு கடையில் உங்களைக் காப்பாற்றும்.

காரணம் இதுதான். கீபோட்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன, ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொடும் இடத்தில் ஒரு எழுத்து. ஆகவே ஒரே ஒரு விசை மட்டும் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் அதன் அடியில் குப்பை, எறும்பு, அல்லது அந்த விசையின் தேய்மானம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் நாலைந்து விசைகள் ஒரே நாளில் சேர்ந்து நின்றால் ஏதோ ஒரு கோடு அறுந்திருக்கிறது, அல்லது ரிப்பன் கேபிள் (கீபோட்டை மதர்போட்டோடு இணைக்கும் தட்டையான வயர்) இணைப்பில் கோளாறு. எல்லா விசையும் ஒரேயடியாக நின்றால் செற்றிங், டிரைவர் (கீபோட்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), கேபிள் மூன்றில் ஒன்று. தொடர்ந்து ஒரே எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு விசை சிக்கிக் கிடக்கிறது.

3. ரீஸ்டார்ட், பிறகு தெரியாமல் அமத்திய செற்றிங்ஸ்

ஷட்டவுண் கொடுத்துத் திரும்பப் போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருப்பதால் ஷட்டவுண் கொடுத்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத்தான் அணைகிறது. ஆகவே ரீஸ்டார்ட்டையே தெரிவு செய்யுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். சும்மா செய்கிற சடங்குபோலத் தெரியும், ஆனால் பல லப்டொப்களில் இதுவே போதும்.

அப்புறம் இந்த மூன்றையும் பாருங்கள்.

அழுத்தினால் எழுத்து விழவில்லை, கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால்தான் விழுகிறது: வலப்பக்க ஷிப்ட்டை 8 செக்கன் பிடித்தால் ஃபில்டர் கீஸ் போடவா என்று விண்டோஸ் கேட்கும், யோசிக்காமல் யெஸ் கொடுத்திருப்பீர்கள். ஷிப்ட்டை ஐந்து தரம் தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ், அது ஷிப்ட், கொன்ட்ரோல் போன்றவற்றை ஒருதரம் தட்டினாலே பிடித்துக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் செற்றிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதற்குள் கீபோட் என்ற இடத்தில் நிறுத்தலாம். அங்கேயே, ஷிப்ட்டால் இவை தானாக வராமல் இருக்கும்படியும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கேம் விளையாடிய பிறகு மறுபடி வரும்.

யூ, ஐ, ஓ அழுத்தினால் 4, 5, 6 விழுகிறது: சின்ன லப்டொப்களில் நம்லொக் போட்டிருந்தால் வலப்பக்க எழுத்துகள் இலக்கமாகிவிடும். எஃப்என் விசையோடு நம்லொக்கைச் சேர்த்து அழுத்துங்கள். கீபோட்டில் நம்லொக்கே இல்லை என்றால் திரையில் வரும் கீபோட்டைத் திறந்து அங்கே அணைக்கலாம். அதைத் திறப்பதற்கு, மேலே சொன்ன அதே அக்செசிபிலிட்டி, கீபோட் என்ற இடத்தில் ஒன்ஸ்கிரீன் கீபோட்டை மவுஸால் போடவேண்டும்.

எல்லா விசையும் கிடக்கிறது: ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மனேஜர், அதில் கீபோட்ஸ். உள்ளே இருப்பதில் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டோல் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். இதற்காக இணையத்தில் "டிரைவர் திருத்தும்" மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். விளம்பரமும் வைரஸும்தான் வரும்.

பாஸ்வேர்ட் அடிக்கவே முடியவில்லை, உள்ளே போகவே வழியில்லை என்கிறவர்களுக்கு: லொக் திரையின் வலது கீழ் மூலையில் அக்செசிபிலிட்டி அடையாளம் இருக்கிறது, அதில் திரைக் கீபோட் வரும். மவுஸால் அடிக்கலாம்.

4. மொழியும் லேஅவுட்டும்: எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான்

விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தெரியாமல் கைபட்டு மாறுவது அதிகம். மாறியது தெரியாமல் பாஸ்வேர்ட் பிழை, பிழை என்று வந்துகொண்டே இருக்கும். முதலில் திரையின் மூலையில் எந்த மொழி என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த லப்டொப் என்றால் இது இன்னும் சுவாரசியம். பாரிஸிலிருந்து சித்தப்பா அனுப்பிய லப்டொப்பில் ஏயும் கியூவும் இடம் மாறி இருக்கும், இசெட்டும் டபிள்யூவும் அப்படியே, இலக்கம் அடிப்பதற்கு ஷிப்ட் வேண்டும். ஜெர்மனி, சுவிஸ் என்றால் வையும் இசெட்டும் மாறியிருக்கும். லண்டன் லப்டொப்பில் எழுத்தெல்லாம் சரி, ஆனால் மின்னஞ்சலுக்கு வேண்டிய அட் குறியும் இரட்டை மேற்கோளும் ஒன்றின் இடத்தில் மற்றது விழும். கடையில் விண்டோஸை அடித்துப் புதிதாகப் போடும்போது அமெரிக்க லேஅவுட்டை (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பை) போட்டுவிடுகிறார்கள், விசையில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. இது பழுதே இல்லை. செற்றிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜுக்குள் மொழியின் கீழே சரியான நாட்டு லேஅவுட்டைச் சேர்த்து, வேண்டாததை அழித்துவிட்டால் முடிந்தது. இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழ் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் ஆங்கில லேஅவுட்டை வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும், ஏனென்றால் பாமினி வெறும் எழுத்துரு, உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளே. அதை வாட்ஸப்பிலோ இணைய விண்ணப்பத்திலோ ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மறுபக்கம், எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் தமிழைப் போட்டுக்கொண்டு பாமினிப் பழக்கத்தில் அடித்தால் எழுத்தெல்லாம் தாறுமாறாக விழும். இலங்கை நியமமான எஸ்.எல்.எஸ். 1326 ரெங்கநாதன் அமைப்பைத் தழுவியது, தமிழ் 99 தமிழ்நாட்டு நியமம், இரண்டிலும் எழுத்துகள் இருக்கும் இடம் வேறு வேறு. தமிழ் 99இல் ககரத்தை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும், அது அதன் இயல்பு, கீபோட் பைத்தியம் பிடித்து ஆடவில்லை. எந்த அமைப்பில் பழகினீர்களோ அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். அரச அலுவலக இணைய விண்ணப்பங்களுக்கு யூனிகோட்தான் வேண்டும்.

5. வெளிக் கீபோட்டைக் குத்திப் பாருங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டிலோ வேலையிடத்திலோ ஒரு யூஎஸ்பி கீபோட் இரவல் வாங்கி லப்டொப்பில் குத்துங்கள். வாங்கினாலும் சாதாரணமானது இரண்டாயிரம் ரூபா அளவில் முடியும்.

வெளிக் கீபோட்டிலும் அதே எழுத்து விழவில்லையா? கோளாறு செற்றிங்ஸில் அல்லது விண்டோஸில். 3க்கும் 4க்கும் திரும்பிப் போங்கள். வெளிக் கீபோட் ஒழுங்காக அடிக்கிறதா? அப்போது மதர்போட் பெரும்பாலும் சுகம், பிழை லப்டொப்பின் சொந்தக் கீபோட்டில் அல்லது அதன் கேபிளில். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் போடும்போது எஃப் 2 (எச்பியில் எஃப் 10, சில லெனோவோவில் எஃப் 1) தட்டி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முதல் ஓடும் அடிப்படை அமைப்புக்குள்) போய் அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கே விண்டோஸே கிடையாது. அங்கேயும் அசையவில்லை என்றால் செற்றிங்ஸ் பேச்சுக்கு இடமில்லை. உள்ளே எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியே வாருங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதோடு கதை முடிந்தது. வேறு யூஎஸ்பி துளையில் குத்துங்கள், சரிவராவிட்டால் புதுக் கீபோட் வாங்குங்கள், பழையதைத் திருத்தக் கொடுப்பது வீண்.

6. தூசியும் களிம்பும்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி, வாடையில் ஈரம், வருஷம் முழுக்க உப்பு. லப்டொப்பை அணைத்து, சாய்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் விசை இடுக்குகளைத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். ஒட்டிப் பிடிக்கும் விசைக்குக் காதுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு ஓரத்தைச் சுற்றித் துடையுங்கள். மண்ணெண்ணெய், சென்ட், சவர்க்காரத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். விசை மூடியைக் கிண்டிக் கழற்றுவது பற்றி யூடியூப்பில் ஆயிரம் இருக்கிறது, ஆனால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் அந்த ஒன்றுக்காக முழுக் கீபோட்டையும் வாங்க வேண்டி வரும்.

என் விஷயம் இந்த இடத்தில்தான் தீர்ந்தது. தெரிந்தவர் சொல்லி ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி அடிமூடியைக் கழற்றி, பற்றரி இணைப்பை எடுத்துவிட்டு, கீபோட்டிலிருந்து வரும் ரிப்பனை வெளியே இழுத்துக் காட்டினார். நுனியில் பொன்னிறக் கோடுகள் வரிசையாக இருக்க வேண்டும், ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை பூத்திருந்தது. "அக்கா, இது போட் இல்ல, களிம்பு" என்றார். மேசையில் கிடந்த வெள்ளை அழிறப்பரால் கோடுகளின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, அல்ககோலால் துடைத்து, திரும்பக் குத்தினார். எழுத்தெல்லாம் விழுந்தது. கூலி மட்டும்தான் எடுத்தார். நீங்களே இதைச் செய்யச் சொல்லவில்லை, அந்த ரிப்பனைப் பிடிக்கும் கறுப்புப் பூட்டு நகம் பட்டாலே உடையும். ஆனால் கடையில் "கீபோட் மாத்தணும்" என்றால், "முதல்ல ரிப்பனைக் கழற்றித் துடைச்சுப் பாருங்கோ" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

7. போனில் என்றால்

முதலில் போனைச் சரித்துப் படுக்கைவாக்கில் வைத்து அடியுங்கள். நின்ற நிலையில் விழாத அதே எழுத்து இப்போதும் விழவில்லை என்றால் கீபோட் செயலியில் கோளாறு. எழுத்து மாறி, கண்ணாடியின் அதே இடம்தான் செத்துக் கிடக்கிறது என்றால் டச் கோளாறு. சாம்சுங் என்றால் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் பல மொடல்களில் சோதனைப் பக்கம் வரும், அதில் டச் என்பதை எடுத்து விரலால் திரை முழுக்கக் கோடு போடுங்கள், நிறம் மாறாத கட்டம்தான் பழுதான இடம்.

டச் என்று கடைக்கு ஓட முதல் கண்ணாடி ஒட்டியைக் கழற்றிப் பாருங்கள், ஓரத்தில் காற்றும் எண்ணெயும் புகுந்திருந்தாலும் இப்படித்தான். கடற்கரைக்குப் போய் வந்த போனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் எழுத்து தானாக விழுகிறதா? சார்ஜரை மாற்றுங்கள். நடைபாதையில் விற்கும் மலிவுச் சார்ஜர்களின் மின் இரைச்சல் டச்சைக் குழப்பும், திரையை மாற்றினாலும் தீராது.

செயலிக் கோளாறு என்றால்: போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிளே ஸ்டோரில் ஜீபோட்டை (கூகிளின் கீபோட் செயலி) புதுப்பியுங்கள், சேமிப்பிடம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். பிறகு செற்றிங்ஸில் அப்ஸ், ஜீபோட், ஸ்டோரேஜ் போய் கேஷை அழியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் டேட்டாவை அழிக்க வேண்டும், அதில் ஜீபோட் பழகி வைத்த உங்கள் சொற்களும் போகலாம். ஐபோனில் செற்றிங்ஸ், ஜெனரல், கடைசியிலுள்ள ரீசெட்டில் கீபோட் டிக்ஷனரியை மட்டும் அழிக்கும் வழி இருக்கிறது. பக்கத்திலேயே எல்லாவற்றையும் அழிக்கும் வரியும் இருக்கிறது, கவனம்.

திரையில் திடீரென்று வரும் "அழகான தமிழ்க் கீபோட்" விளம்பரங்களைத் தட்டாதீர்கள். கீபோட் செயலி நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும் பார்க்கக்கூடியது, வங்கிப் பாஸ்வேர்டையும்தான். அவசரத்துக்கு ஜீபோட்டின் மைக்கைத் தட்டித் தமிழில் பேசியே எழுதலாம், இலங்கைத் தமிழ் என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. அல்லது ஓடிஜி இணைப்பில் (யூஎஸ்பி சாமானைப் போனில் குத்த உதவும் சின்ன இணைப்பி) அந்த யூஎஸ்பி கீபோட்டையே போனில் குத்துங்கள்.

8. கடைக்குக் கொடுக்கிற நாளில்

கொண்டுபோக வேண்டியவை: வாங்கிய பற்றுச்சீட்டு, வாரன்டி அட்டை, 2ஆவது படியில் எழுதிய தாள். வாரன்டி ஸ்டிக்கரில் வேறு கடையின் பெயர் இருந்தால் அங்கேதான் போக வேண்டும், வேறிடத்தில் திறந்தால் ஸ்டிக்கர் கிழிந்து வாரன்டியும் போகும். திரவம் பட்டதற்கும் துருவுக்கும் பொதுவாக வாரன்டி கிடையாது, எங்கள் ஊர்க் காற்றுக்குத் துரு சுலபமான சாட்டு, ஆகவே கொடுக்க முதல் விசைகளையும் யூஎஸ்பி துளைகளையும் படம் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கியது என்றால் அடியிலுள்ள தொடரிலக்கத்தை அந்தக் கம்பனியின் தளத்தில் போட்டு இங்கே வாரன்டி ஓடுமா என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை: ஆவணங்களையும் படங்களையும் வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். சோதிக்க ஒரு தனி யூஸர் கணக்கு உண்டாக்கி அதை மட்டும் கொடுங்கள். விண்டோஸ் 11 என்றால் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) மீட்புக் குறியீட்டை, 48 இலக்கம், மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். வேலை முடிந்து வந்தபின் அதைக் கேட்டு நின்றால் யாராலும் உதவ முடியாது. போன் என்றால் சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றுங்கள், *#06# அடித்து வரும் ஐஎம்இஐ இலக்கத்தை (அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம்) குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை: பார்க்கும் கூலி எவ்வளவு, திருத்தாவிட்டாலும் அது உண்டா? கீபோட் மட்டுமா, மேல் மூடியோடு சேர்த்தா? இது முக்கியம். பல புது லப்டொப்களில் கீபோட்டை மேல் மூடியோடு பிளாஸ்டிக் ஆணி உருக்கி ஒட்டியிருப்பார்கள். கீபோட் மட்டும் வாங்கினால் விலை குறைவு, பிரித்து மாற்றும் கூலி அதிகம், மூடியோடு என்றால் நேர்மாறு, சாமான் விலை ஐந்து இலக்கத்துக்குப் போகும். புதியதா, வேறு லப்டொப்பில் கழற்றியதா, எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம்? எல்லாம் துண்டில் எழுதி வாங்குங்கள், பழைய கீபோட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது மேசையிலேயே நோட்பேட்டைத் திறந்து எல்லா விசையும் அழுத்திப் பாருங்கள். பின்வெளிச்சம், ஒலி கூட்டும் விசை, பவர் பட்டன் மூன்றையும் மறக்க வேண்டாம், சில மொடல்களில் பவர் பட்டன் கீபோட்டோடேயே சேர்ந்தது. பிறகு சொன்னால் "அப்ப நல்லாத்தானே இருந்தது" என்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று பட்டால், துண்டு கையில் இருக்கிறது என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம்.

"இதைத் தந்துவிட்டு வேறு போன் எடுங்கோ" என்று பழைய போன் ஒன்றை நீட்டினால், ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவானதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

9. நாள் கணக்கு

துடைப்பு வேலை அன்றைக்கே முடியும். சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றால் கூரியர் ஒன்றிரண்டு நாள்தான், ஆனால் கடைக்காரர் ஓடர் போடும் நாள், ஞாயிறு, போயா, வெள்ளி மத்தியானம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், ஒரு வாரம் சாதாரணமாகப் போகும். பிழையான மொடல் வந்து திருப்பி அனுப்பினால் இன்னொரு வாரம். அதனால் ஓடர் போட முதல் லப்டொப்பின் முழு மொடல் இலக்கத்தையும், கழற்றிய கீபோட்டின் பின்னாலுள்ள சாமான் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாமான் வரும் வரை லப்டொப்பைக் கடையில் விட்டுவைக்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து யூஎஸ்பி கீபோட்டைக் குத்தி வேலையைப் பாருங்கள், பழைய கீபோட்டில் ஒரு விசை தானாக ஓடித் தொல்லை தந்தால் அதன் ரிப்பனை மட்டும் கழற்றி விடச் சொல்லலாம். பவர் பட்டன் தனியாக இருக்கிறதா என்று அதற்கு முதல் கேளுங்கள், இல்லாவிட்டால் லப்டொப்பைப் போடவே வழியிருக்காது.